பாவம் என்று எழுதாத கொப்பி

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து குந்துவார்கள். சோதனை இல்லை, சான்றிதழ் இல்லை, காசும் இல்லை. தேத்தண்ணியும் அவித்த கச்சானும் உண்டு. முப்பத்தொரு வருடம் உயர்தரத்துக்கு அளவையியல் (தர்க்கம்) படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்கு வீட்டில் சும்மா இருக்கத் தெரியவில்லை. இந்த வகுப்பு வந்த கதை அவ்வளவுதான்.

பாடத்தின் பெயர் விலங்கு ஒழுக்கவியல். ஒரு பிள்ளையின் தகப்பன் கேற்றடியில் நின்று, "ஆடு மாடு ஒழுக்கமா நடக்கிறதுக்கும் வகுப்போ ரீச்சர்?" என்று கேட்டார். பகிடிதான். ஒழுக்கம் ஆடு மாட்டுக்கு இல்லை, எங்களுக்கு. விலங்குகளோடு நாங்கள் நடந்துகொள்வது சரியா பிழையா, சரியென்றால் என்ன காரணம், அந்தக் காரணம் நிற்குமா என்று பார்ப்பதுதான் பாடம்.

மட்டக்களப்பிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் இரண்டு மூன்று ஆசிரியர்கள் தொலைபேசியில், "நாங்களும் நடத்தலாமோ, எப்படித் தொடங்குறது?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மணித்தியாலம் கதைத்துக் களைத்துப்போய் இதை எழுதுகிறேன். வேண்டியது ஒரு சீஆர் கொப்பி, ஒரு பேனை, எட்டுச் சனிக்கிழமை. தனியாகவும் படிக்கலாம். மூன்று பேராவது இருந்தால் நல்லது, தனியே இருக்கும்போது தன்னை ஏமாற்றிக்கொள்வது மிகவும் சுகம்.

படம் போட்டுத் தொடங்காதீர்கள்

முதல் வருடம் நான் விட்ட பிழையிலிருந்து தொடங்குகிறேன். இறைச்சிக்கூடம் ஒன்றில் எடுத்த வீடியோவைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு பொடியன் எழும்பிப் போய் மாமரத்தடியில் சத்தி எடுத்தான். அடுத்த நாள் ஒரு தாய் வந்து, பிள்ளை இரவு நித்திரை கொள்ளவில்லை, இதுதானோ படிப்பு என்று கேட்டுவிட்டுப் போனார். நான் வாய் திறக்கவில்லை. அடுத்த கிழமை வந்தது இரண்டே பேர். இரண்டு பேரும் ஏற்கெனவே மச்சம் தொடாத வீட்டுப் பிள்ளைகள். அந்தப் படம் அவர்களுக்கு எதையும் கற்பிக்கவில்லை. தாங்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நினைக்க மட்டும் வைத்தது. வகுப்பை மூன்று மாதம் மூடிவிட்டேன்.

அந்த மூன்று மாதத்தில் எனக்குத் தெளிந்தது ஒன்று. அருவருப்பு வந்தால் பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும், எங்களுக்கோ கண்ணைத் திறக்க வேண்டியிருக்கிறது. அடுத்த வருடம் ஊருக்குள் எல்லாரும் தினமும் கண்டு, கண்டதாலேயே பார்க்காமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

ஒரு மான், ஒரு மணித்தியாலம்

முதல் சனிக்கிழமை வகுப்பு கோட்டை வாசலில். திருகோணமலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் புள்ளிமான்கள் ஆடு மாதிரி நிற்கும். வெளியூர்க்காரர் நின்று படம் எடுப்பார்கள். ஊர்க்காரர் ஓட்டோவின் ஹோனை அடித்துக்கொண்டு போவார்கள்.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு மானைத் தெரிந்தெடுத்து ஒரு மணித்தியாலம் பார்க்க வேண்டும். நேரத்தைப் போட்டு, கண்டதை மட்டும் எழுத வேண்டும். சில சொற்களுக்குத் தடை: வடிவு, அப்பாவி, பாவம்.

"பாவம் ஏன் ரீச்சர் எழுதக்கூடாது?" என்று வருடாவருடம் கேட்பார்கள். தமிழில் இந்தச் சொல் வேலைசெய்கிற விதம் விசித்திரமானது. செய்தவன் தலையில் ஏறுவதும் பாவம், படுகிறவனைப் பார்த்து நாங்கள் சொல்வதும் பாவம். "ஐயோ பாவம்" என்று சொன்னவுடன் மனம் ஆறிவிடும், அந்தப் பாவம் யாருடையது என்ற கேள்வி அதோடு அடங்கிவிடும். அதனால் எட்டுக் கிழமைக்கும் கொப்பியில் அந்தச் சொல் வரக்கூடாது.

ஒரு பிள்ளை எழுதிய பக்கத்தை அப்படியே தருகிறேன். 

"4.10: கொம்பில்லாத மான். இடது பின்காலில் நொண்டல். 4.14: கோயிலால் வந்த ஒரு குடும்பம் வாழைப்பழம் குடுத்தது. தின்றது. தோலையும் தின்றது. 4.20: பழம் வந்த சொப்பிங் பையை நக்கியது. 4.22: பையின் மூலையை மென்றது. 4.25: பை இல்லை."

கடைசி வரியை வாசித்தபோது விறாந்தையில் ஒருவரும் கச்சான் உடைக்கவில்லை. மான் மாட்டைப்போல அசைபோடும் இனம், அதன் வயிற்றில் நாலு அறை. பொலித்தீன் முதல் அறையிலேயே தங்கிவிடும். சமிக்காது, கழிந்து போவதும் கடினம். பை சேரச்சேர வயிறு நிரம்பியிருக்கும், உடம்பு வற்றும். இந்தக் கதையில் கொடுமைக்காரர் எவருமில்லை என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். அந்தக் குடும்பம் கோயில் கும்பிட்டுவிட்டுப் புண்ணியமென்று பழம் கொடுத்தது. பை, பழத்தோடு வந்தது. விலங்குக்கு வரும் துன்பத்தில் பெரும்பங்கு கோபக்காரனின் கையால் வருவதில்லை என்று நான் மேடைபோட்டுச் சொன்னால் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். 4.25 சொன்னது.

அன்று காவலில் நின்ற சிப்பாய் கிட்ட வந்து, என்ன எழுதுகிறாய் என்று அரைத் தமிழில் கேட்டார். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. கொப்பியோடு ஒருவர் ஒரு மணித்தியாலம் வாசலடியில் குந்தியிருந்தால் கேட்கத்தானே செய்வார்கள். அப்படி யாரும் கேட்டால் என் வயதுக்காரருக்கு இன்றைக்கும் வயிறு கலங்கும். பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது. "மான் பாக்கிறன்" என்று கொப்பியை நீட்டினாள். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்.

உங்கள் ஊரில் மான் இல்லையென்றால் தெருநாய், காகம், பக்கத்து வீட்டுக் கோழி, பேருந்து நிலையத்தில் படுத்திருக்கும் மாடு, எதுவும் போதும். திமிங்கிலத்தை மட்டும் எடுக்காதீர்கள். எங்கள் கடலில் நீலத்திமிங்கிலம் வருவது உண்மை, போய்ப் பார்ப்பது பெரிய அனுபவமும்தான். ஆனால் திமிங்கிலத்தின் பக்கம் நிற்பது யாருக்கும் சுலபம், எங்கள் வீட்டில் ஒருவரும் திமிங்கிலம் சமைப்பதில்லை.

அவரவர் சட்டி

இந்த வகுப்பில் நான் விட்டுக்கொடுக்காத விதி இதுதான்: முதல் நாள் பார்த்து எழுதிய விலங்கைத் தவிர, முதல் நாலு கிழமையும் தன் வீட்டுச் சட்டிக்குள் இல்லாத விலங்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக்கூடாது.

காரணம் இருக்கிறது. என் விறாந்தையில் கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகள் இருக்கிறார்கள், தம்பலகாமத்துச் சைவப் பிள்ளைகள் இருக்கிறார்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், தமிழ் நன்றாகப் பேசும் ஒரு சிங்களப் பிள்ளை. இந்த நாட்டில் மாடு என்பது விலங்கின் பெயர் மட்டுமில்லை. சீவகாருண்யம் பேசுகிறேன் என்று தொடங்கி அயலவனின் அடுப்பில் போய் முடிகிற கதையை நாங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அடுத்தவன் சாப்பிடும் மிருகத்துக்காக அழுவதுபோல மலிவான அறம் வேறில்லை. அதைப் படிப்பென்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

தம்பலகாமத்துப் பொடியன் ஒருவன் கொப்பியை மூடி வைத்துக்கொண்டு, "ரீச்சர், நாங்க சைவம். எனக்கு எழுத ஒண்டுமில்லை" என்றான். வீட்டில் என்ன தொழில் என்று கேட்டேன். எருமைத் தயிர். அப்போ விடிய எழும்பிப் பார்த்து எழுதிக்கொண்டு வா என்றேன்.

எழுதிக்கொண்டு வந்தான். "அப்பப்பா கன்றை ஊட்ட விட்டார். பால் இறங்கினதும் இழுத்துக் கட்டினார். கயிறு எட்டுமட்டும் கன்று வந்து நின்றது. கறந்து முடியுமட்டும் அப்பிடியே நின்றது. கடாக்கன்றுகள் வளர்ந்து எங்க போகும் எண்டு கேட்டேன். உனக்குத் தயிர் பிடிக்காதோ எண்டு அப்பப்பா கேட்டார்."

சைவம் என்ற ஒரே சொல் எங்களுக்குச் சமயமாகவும் சாப்பாடாகவும் இருப்பதால், இலையில் மச்சம் இல்லையென்றால் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். அந்தப் பொடியனுக்கு அன்று தீரவில்லை. அவன் தயிரை விடவுமில்லை. இரண்டு கிழமை அப்பப்பாவோடு கதைத்துப் பார்த்திருக்கிறான். அவருடைய தகப்பன் காலத்தில் நாலு காம்பில் ஒன்றைக் கன்றுக்கென்று கறக்காமல் விடுவார்களாம். இப்போது அந்த வீட்டில் இரண்டு மாட்டுக்கு அந்தப் பழக்கம் திரும்பியிருக்கிறது. "நாளுக்கு ஒரு சட்டி குறைஞ்சுபோச்சு, அப்பப்பா புறுபுறுக்கிறார்" என்றான்.

ஐந்தாம் கிழமை விதி தளரும். அப்போதுதான் பொதுக்காரியங்களை எடுப்போம். 2020இல் இந்த நாட்டில் மாடு அறுப்பதைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சாப்பிடுகிறவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து மாட்டிறைச்சியை இறக்குமதி செய்யலாம் என்பதும் அதிலேயே இருந்தது. இதை வாதமாக எழுதி, விடுபட்ட எடுகூற்றை, அதாவது முடிவைத் தாங்கும் கூற்றை, கண்டுபிடியுங்கள் என்று கொடுத்தேன். கிண்ணியாப் பிள்ளை ஒருத்தி எழுதியது: "வெளிநாட்டு மாட்டுக்கு நோகாது என்பதையும் சேர்த்தால்தான் முடிவு வரும்." அவளுக்கு அன்று இரண்டு தேத்தண்ணி.

வாதத்தைப் பிரித்துப் பார்த்தல்

இதைச் செய்ய அளவையியல் ரீச்சர் தேவையில்லை. ஒரு கருத்தை எடுங்கள், அதன் எடுகூற்றுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள், கடைசியில் முடிவு. பிறகு எந்தக் கல்லை உருவினால் சுவர் விழும் என்று பாருங்கள்.

நான் எடுப்பது புலால் மறுத்தலின் ஆறாவது குறளை. "தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்." சாதாரணதரத்தில் பாடமாக்கிச் சோதனையோடு மறந்துபோன குறள். இதில் இருப்பது ஒரு நிபந்தனைக் கூற்று. தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால் விலைக்கு விற்பவன் இருக்க மாட்டான். சந்தையில் விற்பவன் இருக்கிறான். ஆகவே? பிள்ளைகள் தாங்களாகவே முடிவைச் சொல்லிவிடுவார்கள். கத்தி பிடித்தவனின் தலையில் மட்டும் வைத்திருந்த பழி, பை பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கும் வந்துசேரும்.

இங்கே ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எப்போதும் எழும்பும். "அப்ப நான் நிப்பாட்டினா கடை பூட்டுவாங்களோ?" பூட்ட மாட்டார்கள். வள்ளுவர் "உலகெனின்" என்கிறார், "ஒருவன் எனின்" என்று சொல்லவில்லை. என் ஒருத்தியின் விலகல் ஒரு கோழியையும் காப்பாற்றாமல் போகலாம். அப்படியானால் விலகுவதற்கு வேறு காரணம் வேண்டும். ஒரு கிழமை முழுவதும் இதிலேயே போகும். அவசரப்பட்டு விடை கொடுத்துவிடாதீர்கள்.

வெளியிலிருந்து நாலு மெய்யியலாளரை அழைத்துக்கொள்வேன். ஆங்கிலேயர் பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலின் ஓர் அடிக்குறிப்பில், விலங்குகளால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, அவற்றால் வேதனைப்பட முடியுமா என்று கேட்கச் சொல்கிறார். இவ்வளவு பெரிய விசயம் அடிக்குறிப்பில் கிடந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தோசம். அடிக்குறிப்பை வாசியுங்கள் என்று முப்பத்தொரு வருடம் கத்தியவள் நான். அடுத்தவர் ஜேர்மனியர் கான்ற். மிருகத்தை வதைக்கிறவன் மனிதரிடமும் கல்நெஞ்சனாகிவிடுவான், அதனால் வதைக்கக்கூடாது என்பது அவர் பக்கம். எங்கள் அம்மாமார் சொல்வதும் அதுதான். பிள்ளைகளிடம் கேளுங்கள்: நாயை அடித்து மனிதரிடம் அன்பாக இருக்கும் ஒருவன் இருந்தால் அவன் செய்வது சரியா? சரியில்லை என்று வாய் தானாகச் சொல்லும். அப்படியென்றால் கான்றின் காரணம் போதவில்லை.

மற்ற இருவரையும் மானை வைத்தே விளக்கிவிடலாம். ஊருக்குள் மான் பெருகுகிறது, வாகனத்தில் அடிபடுகிறது, பொலித்தீன் தின்கிறது. பிடித்துக் காட்டுக்குக் கொண்டுபோய் விடலாமா? மான் பயந்த இனம். பிடிபடும் அதிர்ச்சியிலேயே தசை சிதைந்து செத்துப்போகும் ஆபத்து அதற்கு அதிகம். பத்து மானைக் கொண்டுபோகையில் இரண்டு சாகும், எட்டு நன்றாக வாழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1975இல் எழுதிய பீற்றர் சிங்கரின் வழியில் போனால் எல்லாருடைய துன்பத்தையும் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும், எட்டு வெல்லலாம். 1983இல் எழுதிய ரொம் ரீகனின் வழியில் ஒவ்வொரு மானுக்கும் தன் வாழ்க்கை தனக்கு உண்டு, அதை மற்றதன் நன்மைக்கான செலவாகப் போடக்கூடாது. விறாந்தை இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு முறை இருட்டி, தகப்பன்மார் வந்து ஹோன் அடிக்கும்வரை ஓயவில்லை.

மீனின் உதடு, ஆமையின் கண்

திருக்கடலூர்ப் பிள்ளை ஒருத்தியின் அம்மப்பா கரைவலைத் தொழில் நடத்தும் சம்மாட்டி. வலையின் மடியில் ஆமை விழுந்தால் வலையை வெட்டியாவது விட்டுவிடுவார்களாம். ஆமையைப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம். அவள் சொன்ன காரணம் வேறு: "ஆமை அழும் ரீச்சர். நான் கண்டிருக்கிறன். மீன் அழாது."

கடலாமையின் கண்ணில் வழிவது அழுகை இல்லை. கடல்நீரோடு உள்ளே போகும் உப்பை வெளியேற்றக் கண்ணருகில் ஒரு சுரப்பி அதற்கு இருக்கிறது. கரையேறினால் அது கண்ணீர்போலத் தெரியும். இதைச் சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது. அம்மப்பாவின் இரக்கத்தை நான் பொய்யாக்கிவிட்டேன் என்று நினைத்தாளோ தெரியாது. விட்டேனா, அடுத்த வரியையும் எழுத வைத்தேன். ஆமையின் கண்ணீர் வேதனைக்குச் சாட்சி இல்லையென்றால், மீனிடம் கண்ணீர் இல்லாததும் வேதனை இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

பிறகு 2003ஆம் ஆண்டு ஆய்வுக்கு வந்தோம். லின் ஸ்னெடன் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் ட்ரவுட் மீன்களின் உதட்டில் வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலத்தை ஏற்றிப் பார்த்தார்கள். மீன்கள் இரை எடுக்கப் பிந்தின, உடம்பை அங்குமிங்கும் ஆட்டின, உதட்டைத் தொட்டியின் அடியிலுள்ள பரலில் தேய்த்தன. நோவைக் குறைக்கும் மோர்பின் கொடுத்தபோது இந்த நடத்தை குறைந்தது. மீனின் மூளையில் எங்களுடையதைப் போன்ற மேற்பட்டை இல்லை, ஆகவே அது உணர்வாகாது என்று வாதிடும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். இரண்டையும் வையுங்கள். அந்த மீன்களை அப்படிச் செய்தது சரியா என்ற கேள்வியும் ஒரு பிள்ளையிடமிருந்து வரும். அதையும் வையுங்கள்.

போய்க் கேளுங்கள்

ஆறாம் கிழமை விலங்கோடு பிழைக்கிற ஒருவரிடம் போக வேண்டும். வாதாடப் போகவில்லை, கேட்கப் போகிறோம். மூன்றே கேள்வி: எப்படிச் செய்கிறீர்கள்? எது கஷ்டம்? எதை ஒருநாளும் செய்யமாட்டீர்கள்?

மூன்றாவது கேள்வியில்தான் புதையல் இருக்கிறது. எல்லாத் தொழிலுக்கும் உள்ளே ஒரு கோடு உண்டு, வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. விடியக்காலை கரைவலைக் கயிற்றை இழுத்துக் களைத்து வாடியில் குந்தியிருந்த அந்தச் சம்மாட்டி அம்மப்பாவிடம் பேத்தி கேட்டாள். "வெடி போட்ட மீனைத் தொடமாட்டன். முள்ளு உடைஞ்சிருக்கும், கையில எடுத்தாத் தெரியும். குஞ்சும் சாகும், கடலடிப் பாரும் சாகும். அது பிடிக்கிறதில்லை, அழிக்கிறது." ஒழுக்கவியல் புத்தகம் எதையும் தொடாத மனிதர். பிடிப்பதற்கும் அழிப்பதற்கும் நடுவே அவர் போட்ட கோட்டை வைத்து நாங்கள் இரண்டு கிழமை கதைத்தோம்.

யானையைப் பற்றி எழுத நினைக்கிறவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வேளாண்மை அழிந்த ஒரு வீட்டில் முதலில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து எழுத வேண்டும். தீனிக்குள் மறைத்து வைத்த வாய்வெடியைக் கடித்துத் தாடை சிதைந்து பட்டினியில் சாகும் குட்டியானையும், ஒரே இரவில் வயலை இழந்த கிழவியும் ஒரே பக்கத்தில் வரவேண்டும். ஒன்றை மறைத்து மற்றதை எழுதினால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சட்டம் படிக்கப்போகும் பிள்ளை இருந்தால் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைக் காட்டுங்கள். 1907ஆம் ஆண்டுச் சட்டம். அதில் தண்டப்பணம் கூடியது 100 ரூபா, சிறை கூடியது மூன்று மாதம். 100 ரூபாவுக்கு இன்று பால் தேத்தண்ணி கிடைக்குமா என்பது கடையைப் பொறுத்தது.

மூன்று கிழமைக்கு ஒன்று

கடைசியில் ஒரே ஒரு பழக்கத்தைப் பிள்ளை மாற்றிப்பார்க்க வேண்டும். மூன்று கிழமைக்கு, சின்னதாக. கோழியை முற்றாக விடுகிறேன் என்று துள்ளுகிறவர்களை நான் மறிப்பேன். மூன்றாம் நாள் தோற்றுப்போய், எல்லாமே பொய் என்று கொப்பியைத் தூக்கி எறிகிறவர்கள் அவர்கள்தான்.

படிப்பு நடத்தையை மாற்றுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஓர் ஆய்வு சொல்கிறேன். கலிபோர்னியாவின் ரிவர்சைட் பல்கலைக்கழகத்தில் 1332 மாணவரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இறைச்சி உண்பதன் அறம் பற்றியும் மற்றப் பகுதிக்குத் தானம் செய்வது பற்றியும் ஒரு கட்டுரையும் 50 நிமிடக் கலந்துரையாடலும் கொடுத்தார்கள். வீடியோ விரும்பியவர்களுக்கு மட்டும். (அதை வாசித்தபோது என் மாமரத்தடி ஞாபகம் வந்தது.) பிறகு வளாகத்துச் சாப்பாட்டுக் கடைச் சிட்டைகளைப் பார்த்தார்கள். முதல் பகுதியினர் வாங்கிய சாப்பாட்டில் இறைச்சி இருந்தது 52 வீதத்திலிருந்து 45 வீதத்துக்கு இறங்கியது. மற்றவர்களிடம் 52 அப்படியே நின்றது. 2020இல் வெளிவந்த ஆய்வு. ஏழு வீதம் சின்ன எண் என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஒரு கட்டுரைக்கும் ஐம்பது நிமிடத்துக்கும் அது பெரிய எண் என்பேன் நான். என் முப்பத்தொரு வருட உழைப்பில் எத்தனை வீதம் மாறியதோ!

"நீங்க மீன் சாப்பிடுறீங்களோ ரீச்சர்?" என்று கேட்பார்கள். மறைக்காதீர்கள். நான் சாப்பிடுகிறேன். நண்டை விட்டுவிட்டேன். 2022இல் பிரித்தானியாவில் வந்த ஒரு சட்டம், உணர்வுள்ள விலங்குகளின் பட்டியலில் நண்டு, சிங்கிறால், கணவாய், பேய்க்கணவாய் எல்லாவற்றையும் சேர்த்தது. அதற்கு முன்னோடியான அறிக்கையை வகுப்புக்காக வாசித்த இரவு, அடுப்பில் தண்ணீர் கொதிக்க, வாளிக்குள் உயிரோடு கிடந்த நண்டு சுரண்டும் சத்தம் கேட்டது. அதே சத்தத்தை நாற்பது வருடம் கேட்டிருக்கிறேன். "பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கும் எங்கட குசினிக்கும் என்ன சம்பந்தம்?" என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்கிறார். அவருக்கு நண்டுக்குழம்பு உயிர். தானே வாங்கித் தானே சமைக்கிறார்.

குசினி என்றவுடன் ஒரு எச்சரிக்கை. இந்தப் படிப்பின் முதல் அடி பெரும்பாலும் அம்மாவின் தலையில்தான் விழும். ஐந்து வாரம் படித்த பிள்ளை, விடிய நாலரைக்கு எழும்பிச் சமைக்கிற மனுசியிடம் போய்க் கோழிக்கறி அறமா என்று கேட்கும். அதனால் இன்னொரு விதி வைத்திருக்கிறேன்: சமைக்காதவர் சாப்பாட்டைப் பற்றி வீட்டில் வாய் திறக்கக்கூடாது. சொல்ல விருப்பமென்றால் முதலில் ஒரு கிழமை சமையுங்கள். பொடியன்மார் மூன்று பேர் பருப்பு வைக்கப் பழகியது இப்படித்தான்.

மாற்றம் வந்தது எப்படித் தெரியும் என்று வவுனியா ஆசிரியர் கேட்டார். சாப்பாட்டில் தேடாதீர்கள், கொப்பியில் தேடுங்கள். ஒரு பிள்ளை தன் வீட்டு நாய்க்கு என்ன கிடைக்கிறது என்று எழுதத் தொடங்கினாள். மிச்சம் கிடைக்கிறது. யார் சாப்பிட்ட மிச்சம் என்று பார்க்க, யார் எப்போது சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வரிசை எழுதினாள். அப்பா, அண்ணா, நான், தம்பி, அம்மா, நாய். அதற்குக் கீழே: "நடுத்துண்டு அப்பாக்கும் அண்ணாக்கும். அம்மாக்கு வால். நாய்க்கு முள்ளு. வாலுக்கும் முள்ளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை." விலங்கைப் பற்றிக் கேட்டேன், இது வந்தது. நான் அதில் சிவப்புப் பேனை வைக்கவில்லை.

போன மாசி மாதம் புதுப் பிள்ளைகளோடு கோட்டை வாசலுக்குப் போனோம். வாழைப்பழம் கொண்டுபோகாதீர்கள், பையும் வேண்டாம், நாலு மணிக்குப் பிறகு போனால் வெயில் தாழ்ந்திருக்கும். அதே சிப்பாய் நின்றார். கொப்பிகளைக் கண்டுவிட்டுக் கிட்ட வந்து, இன்று பதினெட்டு என்றார். தானும் எண்ணுகிறாராம். பிறகு இடது காலைக் கொஞ்சம் தூக்கி நொண்டிக் காட்டி, "அது ரெண்டு நாள் வரவில்லை" என்றார்.